விடுபட்ட ஒரு பேரெண்: இராமானுசனின் உயர் பகு எண் அட்டவணை குறித்து

இராமானுசனின் கணிதத்தை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளோடு இணைத்துப் பேசும் மரபு சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இன்றும் வலுவாக உள்ளது. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதற்கும் தாயாரின் உத்தரவே காரணம் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அந்த நம்பிக்கை பொய்யா மெய்யா என்பது இங்கு ஆராயப்படவில்லை; ஆனால் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த உயர் பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரையை அம்மரபைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது என்பதற்கு, அதன் அட்டவணையில் இடம்பெறாமல் போன ஒரு பேரெண்ணே சான்றாக நிற்கிறது.

தன்னினும் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண் எனப்படும். ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் வகுத்த பழைய கணக்கர்கள் கையாண்ட 60 இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு 12 காரணிகள் உண்டு, அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்தால் 2இன் அடுக்கு 3இன் அடுக்குக்குக் குறையாமலும், 3இன் அடுக்கு 5இன் அடுக்குக்குக் குறையாமலும் வரிசையாக இறங்கி வரும். ஏனெனில் 3இன் அடுக்கு 2இன் அடுக்கை விஞ்சியிருந்தால், இரண்டையும் இடம் மாற்றிய மாத்திரத்தில் காரணிகளின் எண்ணிக்கை மாறாமலே எண் சிறியதாகிவிடும். இறுதியில் நிற்கும் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரண்டு எண்கள் நீங்கலாக, எப்போதும் 1 என்பதையும் இராமானுசன் நிறுவினார். இது முன்னதைப் போல எளிதில் கைவருவதன்று.

இவ்விதிகள் தேவையானவையே அன்றிப் போதுமானவை அல்ல. 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கமான 30 இரு விதிகளுக்கும் இணங்கினாலும், 24க்கும் அதே 8 காரணிகள் இருப்பதால் உயர் பகு எண் ஆவதில்லை. ஆகவே அட்டவணை அமைப்பவர் ஒவ்வொரு எண்ணையும் அதன் அண்டை எண்களோடு ஒப்பிட்டே சேர்க்கவோ விலக்கவோ வேண்டியிருந்தது. அட்டவணையின் கடைசி எண் 6746328388800. அதில் 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4, 5க்கும் 7க்கும் அடுக்கு 2, 11 முதல் 23 வரையிலான பகா எண்கள் ஐந்துக்கும் அடுக்கு 1. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10080 காரணிகள் கிடைக்கின்றன. விடுபட்ட எண் 293318625600; அதற்கு 5040 காரணிகள். அதனை 23ஆல் பெருக்கினால் வருவது மேற்சொன்ன கடைசி எண்ணேயன்றி வேறில்லை. ஒரு பெருக்கலின் தொலைவில் இருந்தும் அது கண்ணுக்குத் தப்பியது, அட்டவணை கையால் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுக்கப்பட்டது என்பதையே காட்டுகிறது. ஒரு வரி விடுபட்டதனால் தேற்றங்கள் எவற்றுக்கும் ஊறு நேரவில்லை என்பதும், அட்டவணை தேற்றங்களுக்கு ஆதாரமாக அன்றி எடுத்துக்காட்டாகவே அமைந்தது என்பதும் இங்குக் கருதத்தக்கவை.

தாயாரின் வெளிப்பாடு கனவில் வந்திருக்கலாம், சரிபார்ப்பு விழிப்பில் நடந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. இக்கட்டுரையைப் பொறுத்தவரை அச்சமாதானமும் பொருந்துவதாகத் தெரியவில்லை. இதில் சரிபார்ப்புக்குக் காத்திருக்கும் ஒற்றைச் சூத்திரம் ஏதுமில்லை, சமனிலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்லும் வாதமே முழுவதும் உள்ளது. முதன்மையான ஆய்வு நெறிகளிலிருந்து சற்று ஒதுங்கியதாக இதனைக் கருதிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியும், சமனிலிகளைக் கையாள்வதில் இராமானுசனுக்கிருந்த வல்லமையை இதில் கண்டு வியந்தார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இவ்வாய்வுக்காகவே.

போர்க்காலப் பண நெருக்கடியால் கழகம் அச்சிடாது விட்ட, இக்கட்டுரையின் எஞ்சிய பகுதியை நிக்கோலா, ரோபேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1997இல் பதிப்பித்தனர். காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு, இன்றுவரை நிறுவப்படாத ரீமன் கருதுகோளை மெய்யெனக் கொண்டு, இராமானுசன் வகுத்த எல்லை அப்பகுதியில் உள்ளது. அது அச்சேறுமுன்பே, 1984இல், அத்தொகைக்கு ரோபேன் தாமே ஒரு சமனிலியை முன்வைத்து, அது 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்துவதும் ரீமன் கருதுகோள் மெய்யாவதும் ஒன்றே என நிறுவியிருந்தார். அந்த 5040உம் இராமானுசனின் அட்டவணையில் உள்ள ஓர் உயர் பகு எண்ணே.