எந்த வழியால வந்த கணக்கு?

ஒரு பல்கலைக்கழகத் தரவுத்தளத்தைக் கற்பனை செய்வோம். மாணவருக்கு ஒரு அட்டவணை, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. மாணவருக்குச் சொந்த மாவட்டம் இருக்கு. அவர் படிக்கிற பல்கலைக்கழகமும் ஒரு மாவட்டத்தில இருக்கு. இரண்டு கோடும் ஒரே மாவட்ட அட்டவணைக்குத்தான் போகுது. எல்லாத்தையும் இணைச்சு மாணவர் பட்டியல் கேட்டால், கணினி இரண்டு நிபந்தனையையும் ஒரே நேரத்தில பிடிக்கும். ஊரும் கம்பஸும் ஒரே மாவட்டத்தில இருக்கிற ஆக்கள் மட்டும் வருவினம். யாழ்ப்பாணத்திலயிருந்து பேராதனைக்குப் போனவர் வரமாட்டார். மட்டக்களப்பிலயிருந்து கொழும்புக்குப் போனவரும் இல்லை. பிழைச்செய்தி ஒன்றும் வராது, பட்டியல் பார்க்க வடிவாத்தான் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல. கலைப்பீடத்து ஆக்களான நாங்கள் இதை ஏன் கதைக்கிறம் எண்டு கேட்கலாம். ஆக்களை எண்ணுறது எங்கட பாடமும்தான்.

1960களில தரவுத்தளம் எண்டால் பதிவுக்குப் பதிவு சங்கிலி போட்டுக் கட்டின ஒன்று. ஜெனரல் இலெக்ட்ரிக்கில சார்ள்ஸ் பக்மன் கட்டின ஐடிஎஸ் அப்படியானது. நிரல் எழுதுறவர்தான் சங்கிலியைப் பிடிச்சு ஒவ்வொரு பதிவாகப் போகவேணும். 1973இல டூரிங் விருது வாங்கேக்க பக்மன் தன்ர உரைக்கு வைச்ச தலைப்பே, நிரலாளரை வழிகாட்டி மாலுமியாகப் பார்க்கிறதுதான்.

ஐபிஎம்மில வேலை செய்த எட்கர் கொட் இதை ஏற்கேல்லை. (இரண்டாம் உலகப்போரில உண்மையாவே விமானம் ஓட்டினவர் இவர்தான்!) 1970இல வந்த அவரின்ர கட்டுரை, தரவை வெறும் அட்டவணைகளாக வை, வழியைப் பயனர் தெரியத் தேவையில்லை என்றது. அதே கட்டுரையில ஒரு பொறியையும் அவர் காட்டுறார். ஒரு வழங்குநர் எந்தெந்த உதிரிப்பாகம் தாறார் எண்டு தெரியும். எந்தெந்தத் திட்டம் அந்தப் பாகத்தைப் பாவிக்குது எண்டும் தெரியும். அதை வைச்சு, இந்த வழங்குநர் இந்தத் திட்டத்துக்கு வழங்கினார் எண்டு சொல்லேலாது. அதே பாகத்தை வேறொருவரும் குடுத்திருக்கலாம். கோடு இருக்கிறதால உறவு உண்மையாகாது. கட்டுரையில எங்களுக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

1974இல பக்மனும் கொட்டும் மிச்சிகனில நேருக்கு நேர் விவாதிச்சினம். காலப்போக்கில கொட்டின்ர பக்கம் வென்றது, எஸ்கியூஎல் வந்தது. ஆனால் வழி தேடுற வேலை ஒழியேல்லை. எந்த அட்டவணையை எதோட இணைக்கிறது எண்டு ஒவ்வொரு கேள்விக்கும் ஆரோ எழுதவேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில ஸ்டான்ஃபோர்டில ஜெஃப்ரி உல்மன் குழு, பயனர் பெயர்களை மட்டும் சொன்னால் காணும், வழியைக் கணினியே கண்டுபிடிக்கும் எண்டு முயற்சி செய்தது. ஒருவருக்கு எந்த வங்கியோட தொடர்பு எண்டு கேட்டால், கணக்கு வழியாகவும் போகலாம், கடன் வழியாகவும் போகலாம். இரண்டு விடையையும் சேர்த்துக் குடுப்பம் என்பது அவர்களின்ர தீர்வு. வில்லியம் கென்ட் போன்றவை இதை விடாமல் கேள்வி கேட்டினம். எங்களுக்கும் கென்ட் பக்கம்தான் மனம் போகுது. கடன்காரனும் சேமிப்புக்காரனும் வங்கிக்கு ஒரே ஆளில்லையே.

சந்தைக்குள்ள போன தீர்வு பிரான்சில பிறந்தது. 1990இல பெர்னார்ட் லியோதோவும் டெனி பெய்யும் பிஸ்னஸ் ஒப்ஜெக்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிச்சினம். ஜோன் மிஷேல் கம்போவின்ர யோசனைதான் அதின்ர மூலதனம். அட்டவணைகளுக்கு மேல சாதாரண பெயர்களால ஒரு அடுக்கு போட்டு, அதுக்கு 'யுனிவேர்ஸ்' எண்டு பெயர் வைச்சினம். 1996இல அதுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைச்சது. வழியை ஒரு வடிவமைப்பாளர் முன்கூட்டியே தீர்மானிச்சு வைப்பார், மற்ற ஆக்கள் பெயரை இழுத்துப் போட்டால் சரி.

அந்த வடிவமைப்பாளருக்குக் கையில முக்கியமாக இரண்டு ஆயுதம். ஒன்று மாற்றுப்பெயர். மாவட்ட அட்டவணையைச் 'சொந்த மாவட்டம்', 'கம்பஸ் மாவட்டம்' எண்டு இரண்டு பெயரில வாசிக்கிறது. தொலைஞ்ச பேராதனைப் பிள்ளை திரும்பி வந்திடுவார்.

மற்றது சூழமைவு. நூலக உதாரணம் எடுப்பம். ஒரு மாணவர் 3 புத்தகம் எடுத்தார், 50 ரூபாயும் 100 ரூபாயுமாக 2 தடவை தண்டப்பணம் கட்டினார். இரவலையும் தண்டத்தையும் மாணவர் வழியாக ஒன்றாக இணைச்சால் 3 தரம் 2, மொத்தம் 6 வரிசை. புத்தகம் 6 ஆகும், 150 ரூபா 450 ஆகும். அவர் கட்டாத காசு கணக்கில ஏறிடும். சூழமைவு போட்டால் இரவலுக்கு ஒரு வழி, தண்டத்துக்கு ஒரு வழி எண்டு பிரிச்சு, இரண்டு கேள்வியாகக் கேட்டு, கூட்டினதுக்குப் பிறகுதான் சேர்க்கும். 1996இல புத்தகம் எழுதின ரால்ஃப் கிம்போலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: இரண்டு நிகழ்வு அட்டவணையை நேராக இணைக்காதே, தனித்தனியாகக் கூட்டிப்போட்டு பொதுவான பெயரில சேர்.

2007இல எஸ்ஏபி அந்த நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவிச்சது. இப்ப கனபேர் பாவிக்கிற பவர் பிஐ, எங்கட முதல் உதாரணத்தைக் குடுத்தால் ஒரு மாவட்டக் கோட்டை மட்டும்தான் செயலில வைச்சிருக்கும். மற்றது புள்ளிக்கோடாகிடும். கம்பஸ் கோடு செயலில இருந்தால் கண்டிக்கு வாற எண்ணிக்கை அங்க படிக்கிற ஆக்கள். ஊர்க்கோடு செயலில இருந்தால் அங்கயிருந்து வந்த ஆக்கள். இரண்டுக்கும் தலைப்பு 'மாவட்டவாரியாக மாணவர்' எண்டுதான் இருக்கும். அச்சடிச்ச அறிக்கையில அந்தப் புள்ளிக்கோடு வராது.