புரட்சி விமான நிலையம்: 1970 செப்டம்பரும் மூன்று விமானங்களும்

1970 செப்டம்பர் 12 அன்று, ஜோர்டானின் ஸர்கா நகருக்கு அண்மையிலுள்ள பாலைநிலத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த மூன்று பயணிகள் விமானங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவ்வேளை அவற்றுள் பயணி எவரும் இல்லை. அவ்வெடிப்பில் ஓர் உயிரும் பலியாகவில்லை. ஆயினும் அடுத்த இரு வாரங்களுக்குள் அம்மானின் தெருக்களிலும் அகதி முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஆளில்லா விமானங்களைத் தகர்த்த ஒரு செயல், எவருக்காகச் செய்யப்பட்டதோ அம்மக்களையே எவ்வாறு வந்தடைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் பின்னணி 1967 ஜூன் போரில் தொடங்குகிறது. மேற்குக்கரையும் காஸாவும் இஸ்ரேல் வசமாயின. 1948இல் ஊரிழந்தோருள் பலர் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்து ஜோர்டானை அடைந்தனர். அரபு அரசுகளின் படைகள் மீது கொண்ட நம்பிக்கை தகர்ந்த அவ்வேளையில் 'ஃபிதாயீன்' எனப்பட்ட போராளிக் குழுக்கள் மக்கள் செல்வாக்குப் பெற்றன. 1968 மார்ச்சில் நிகழ்ந்த கராமா சண்டை அச்செல்வாக்கைப் பன்மடங்காக்கியது. அக்குழுக்களுள் ஒன்றே 1967 டிசம்பரில் தோன்றிய பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி. அதன் தலைவர் ஜார்ஜ் ஹபஷ் 1948இல் லித்தா நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு மருத்துவர். வெளிநாட்டு நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாயிருந்த வதீ ஹத்தாதும் மருத்துவரே. இருவரும் கிறித்தவக் குடும்பத்தினர். இயக்கத்தின் கொள்கையோ மார்க்சியம். விமானக் கடத்தல் என்றவுடன் இஸ்லாத்தின் பெயரை இழுப்போர் நினைவிற் கொள்ள வேண்டிய உண்மை இது. இது சமயப் போராகத் தொடங்கியதன்று. மண்ணை இழந்தோரின் அரசியலாகவே தொடங்கியது.

நிறுத்திவைக்கப்பட்ட விமானத்தை இலக்காக்குவதும் ஒரு தரப்பார் மட்டும் கையாண்ட முறையன்று. 1968 டிசம்பர் 26 அன்று ஏதென்ஸில் இஸ்ரேலிய விமானமொன்றை மக்கள் முன்னணியினர் தாக்கியதில் இஸ்ரேலியர் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு நாட்களில் இஸ்ரேலியக் கமாண்டோக்கள் பெய்ரூத் விமான நிலையத்தில் இறங்கி, அரபு நிறுவனங்களுக்குரிய பத்துக்கும் மேற்பட்ட பயணிகள் விமானங்களைத் தகர்த்தனர். ஐ.நா. பாதுகாப்புச் சபை 262ஆம் தீர்மானத்தின் மூலம் அதனைக் கண்டித்தது. ஓர் அரசின் படை செய்ததையே ஓர் இயக்கம் பின்னர் செய்தது. ஒன்றைப் பதிலடி என்றும் மற்றதைப் பயங்கரவாதம் என்றும் பெயரிடுவோர், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கடமைப்பட்டவர்கள்.

1970 கோடையில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ரோஜர்ஸ் முன்வைத்த சமாதானத் திட்டத்தை எகிப்தும் ஜோர்டானும் ஏற்றன. ஆகஸ்டில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. தம்மை விலக்கிவைத்துத் தம் தலைவிதி எழுதப்படுகிறது என்று போராளிகள் கருதினர். செப்டம்பர் 6 அன்று மக்கள் முன்னணி ஒரே நாளில் பல விமானங்களைக் குறிவைத்தது. அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. விமானமும் சுவிட்சர்லாந்தின் சுவிஸ்ஏர் விமானமும் ஸர்கா பாலைக்குக் கொண்டுவரப்பட்டன. இஸ்ரேலின் எல்-ஆல் விமானத்தைக் கைப்பற்றும் முயற்சி நடுவானில் முறியடிக்கப்பட்டது. கடத்த முனைந்த இருவருள் ஒருவர் கொல்லப்பட, லைலா காலித் லண்டனில் சிறைப்பட்டார். பான்ஆம் நிறுவனத்தின் 747 ரக விமானம் கெய்ரோவுக்குத் திருப்பப்பட்டு, பயணிகள் இறங்கியோடிய சில நிமிடங்களில் வெடிக்கவைக்கப்பட்டது. ரோஜர்ஸ் திட்டத்தை ஏற்ற ஜமால் அப்துந் நாசிருக்கு அது ஓர் எச்சரிக்கை. செப்டம்பர் 9 அன்று, பம்பாயிலிருந்து பஹ்ரைன், பெய்ரூத் வழியாக லண்டன் செல்லவேண்டிய பிரிட்டிஷ் விமானமொன்றும் கடத்தப்பட்டு அதே பாலையில் இறக்கப்பட்டது. லைலா காலிதை விடுவிக்க பிரிட்டனை நிர்ப்பந்திப்பதே அதன் நோக்கம்.

அவ்விடம் டாசன் ஃபீல்ட் என்னும் பழைய பிரிட்டிஷ் விமானத்தளம். போராளிகள் அதற்குப் 'புரட்சி விமான நிலையம்' எனப் பெயரிட்டனர். முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் பகலின் வெப்பத்திலும் இரவின் குளிரிலும் அங்கு அடைபட்டுக் கிடந்தனர். பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் முதலிலேயே அம்மானுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டபோதும், யூதர் எனக் கருதப்பட்ட பயணிகளும் விமானப் பணியாளர்களும் உள்ளிட்ட 56 பேர் தடுத்து வைக்கப்பட்டனர். எமது பகை சியோனிசத்தோடுதான், யூதர்களோடன்று எனக் கூறிவந்த ஓர் இயக்கம், பயணிகளைச் சமயம் பார்த்துப் பிரித்தபோது தன் கொள்கையைத் தானே மறுத்தது. உயிர்ச்சேதமின்மையைச் சுட்டி இச்செயலை நியாயப்படுத்துவோர் இதனை எளிதில் கடந்துவிட இயலாது.

பிணையாளிகள் அகற்றப்பட்ட பின்னர் செப்டம்பர் 12 அன்று மூன்று விமானங்களும் ஒளிப்படக் கருவிகளின் முன்னிலையில் தகர்க்கப்பட்டன. அக்காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. இருபதாண்டுகளாகத் தம்மைக் காணாதிருந்த உலகம் இப்போதேனும் தம்மைப் பற்றிப் பேசுகிறது என்பது ஹபஷ் தரப்பின் வாதம். அவ்வாதத்தில் கசப்பான உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதைப் பற்றிப் பேசினர் என்பதே வினா. உலகின் கண்கள் பற்றியெரிந்த விமானங்களைக் கண்டன. அவற்றிற்கு அப்பாலிருந்த முகாம்களைக் காணவில்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் மத்தியக் குழுவே மக்கள் முன்னணியின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது.

மன்னர் ஹுசைனுக்கும் போராளிகளுக்கும் இடையே மோதல் முன்பே முற்றியிருந்தது. அவரைக் கொல்ல அவ்வாண்டிலேயே முயற்சிகள் நடந்திருந்தன. எனவே விமானங்களே உள்நாட்டுப் போருக்குக் காரணம் எனல் மிகைக் கூற்றாகும். எனினும் தன் மண்ணில் தன் ஆணை செல்லவில்லை என்பதை உலகறியச் செய்த அந்நிகழ்வு, தயங்கிநின்ற அரசனின் தயக்கத்தை நீக்கியது. செப்டம்பர் 16 அன்று அவர் இராணுவ அரசை அமைத்தார். மறுநாள் படைகள் அம்மானுக்குள் நுழைந்தன. மக்கள் நெருங்கி வாழ்ந்த முகாம்கள் மீது பீரங்கிகள் முழங்கின. மாண்டோர் தொகை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு: மூவாயிரத்திற்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு, பாலஸ்தீனத் தலைமை கூறியதோ அதனினும் பன்மடங்கு. செப்டம்பர் 27 அன்று கெய்ரோவில் நாசிரின் முயற்சியால் ஹுசைனும் யாசிர் அரஃபாத்தும் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். மறுநாள் நாசிர் மாரடைப்பால் காலமானார்.

எஞ்சிய பிணையாளிகள் மாத இறுதிக்குள் விடுதலையாயினர். ஐரோப்பியச் சிறைகளிலிருந்து லைலா காலித் உள்ளிட்ட எழுவர் விடுவிக்கப்பட்டனர். கேட்டது கிடைத்தது என இதனைக் கணக்கிடலாம். ஆனால் 1971 ஜூலையில் ஜராஷ், அஜ்லூன் மலைகளில் எஞ்சியிருந்த போராளிகளும் வெளியேற்றப்பட்டு லெபனானுக்குச் சென்றனர். எழுவரின் விடுதலைக்கு ஈடாக, இஸ்ரேலுடன் மிக நீண்ட எல்லையைக் கொண்டிருந்த தளம் இழக்கப்பட்டது.

சட்டத்திலும் அவ்வெடிப்பின் சுவடு பதிந்தது. 1970 டிசம்பர் 16இல் ஹேக் நகரில் விமானக் கடத்தலுக்கெதிரான உடன்படிக்கை உருவாயிற்று. 1971 செப்டம்பர் 23இல் மான்ட்ரியலில் நிறைவேறிய உடன்படிக்கை மேலும் ஒரு படி சென்றது. பறக்கும் விமானம் மட்டுமன்று. பயணத்துக்குரிய முன்னேற்பாடு தொடங்கியதிலிருந்து, தரையிறங்கி இருபத்துநான்கு மணிநேரம் வரை அது சேவையிலுள்ள விமானமே என்றும், அதனை அழிப்பது சர்வதேசக் குற்றம் என்றும் அது வரையறுத்தது. தரையில் நிற்கும் விமானத்திற்கும் இவ்வாறு பாதுகாப்புக் கிட்டியது.

முகாமில் வாழும் மனிதனுக்கு அத்தகைய பாதுகாப்பை வழங்கும் ஏற்பாடு எதுவும் அவ்வாண்டுகளில் உருவாகவில்லை. விமானங்களுக்காக உலகம் ஓராண்டுக்குள் இரு உடன்படிக்கைகளை எழுதியது. அகதிகளின் தாயகம் திரும்பும் உரிமையோ 1948இன் 194ஆம் தீர்மானத்தில் எழுத்தாகவே நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வே அன்று அவ்விளைஞர்களைப் பாலைக்கு இட்டுச்சென்றது. அவர்கள் தேர்ந்த வழியோ அவ்வேற்றத்தாழ்வை மேலும் வளர்த்தது. ஒடுக்கப்பட்டோரின் வழக்கு நியாயமானது என்பதாலேயே அவர்தம் வழிமுறைகள் யாவும் நியாயமாகிவிடுவதில்லை; வழிமுறை பிழைபட்டது என்பதாலேயே அவ்வழக்கு பொய்யாகிவிடுவதுமில்லை. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பவனே அந்தச் செப்டம்பரின் வரலாற்றை நேர்மையாக எழுத முடியும்.