தாத்தா சொன்ன செவர்லே, போட்டோவில் நின்ற டாட்ஜ்

இன்னைக்கு ரெண்டு அமெரிக்கக் கார்களின் கதை. ஆனா அது தொடங்குறது எங்க ஊர்ல, ஜவ்வாது மலை அடிவாரத்துச் சந்தவாசல்ல.

படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு எங்க ஊர் வழியாத்தான் போவாங்க. ஆடி மாசம் ‘பிளசர்’ல வரும் பணக்காரக் குடும்பங்களை வேடிக்கை பார்க்கிறது தாத்தாவோட சின்ன வயசுப் பொழுதுபோக்கு. பெரிய வண்டி எதுவானாலும் அவருக்கு அது ‘செவர்லே பிளசர்’தான். அப்படி ஒரு வண்டிப் பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ வீட்ல இருக்கு. போன மாசம் பெரிசு பண்ணிப் பார்த்தேன். பானெட் நுனியில ஆட்டுக்கிடா! அது டாட்ஜோட சின்னமாச்சே!

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே ஆறு சிலிண்டர். முன்சீட்லயே மூணு பேர் உட்காரலாம். பானெட்டைத் திறந்தாத்தான் விஷயம் தெரியும். 1940-களின் செவர்லேயில் வால்வுகள் இன்ஜின் தலைப்பகுதியில் இருக்கும். அது நவீன அமைப்பு. ஆனா கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் தெறித்துத்தான் போகும். டாட்ஜில் வால்வுகள் பக்கவாட்டில், பழைய பாணி. ஆனா அந்த பேரிங்குக்கும் பம்ப் அழுத்தத்துலயே ஆயில் போகும். செவர்லே இதுக்கு மாறத் தொடங்கியதே 1953-ல்தான்.

அதே 1953-தான் இந்தியாவில் ரெண்டு வண்டிகளின் தலையெழுத்தையும் பிரிச்சது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாய் சேவ்ரியில் செவர்லே பூட்டியது. பாகங்கள் கப்பலில் பெட்டி பெட்டியா வரும். டாட்ஜைப் பூட்டியது வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். ஒரே வண்டியையே டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோன்னு மூணு பேர்ல வித்தாங்க!

1953-ல் அரசு ஒரு முடிவெடுத்தது: பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாதவங்க வெறுமனே பூட்டி விற்க முடியாது. அடுத்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் சேவ்ரியை மூடியது. பிரீமியர் நின்னுச்சு, பிறகு ஃபியட் 1100 செய்தது. பம்பாய் டாக்சியா நாம பார்த்த பத்மினி அந்த வழியில் வந்ததுதான்.

போன கம்பெனியின் பேர் எங்க ஊர் நாக்குல நின்னுடுச்சு. நின்ன கம்பெனியின் பேர் மறந்துபோச்சு. காரணம் எளிசு: செவர்லே ஒரு தலைமுறை முன்னாடியே வந்துடுச்சு.

போட்டோவுக்குப் பின்னாடி தாத்தா ‘செவர்லே’ன்னு எழுதியிருக்கார். அதை நான் அடிக்கல. கீழே பென்சில்ல ‘டாட்ஜ்’னு சேர்த்திருக்கேன். உங்க வீட்லயும் பழைய போட்டோ இருந்தா, முகங்களோட பானெட்டையும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.