கூரைத் தட்டும் சாலைக் கம்பியும்

துணைக்கோளத் தொலைக்காட்சிச் சந்தாவை நிறுத்திவிட்டு, இணையத்தின் வழியாகவே படமும் நாடகமும் பார்க்கும் வழக்கம் மலேசியத் தமிழர் இல்லங்களில் பரவி வருகிறது. பட்டணத்தார் இதனைச் சிக்கனம் என்கின்றனர். உண்மையே. ஆயினும், படம் நம் வீட்டிற்குள் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்னும் வரலாற்றைச் சிறிது நோக்குவோமாயின், இம்மாற்றம் தோட்டத்தாருக்கும் பட்டணத்தாருக்கும் ஒரே தன்மையதன்று என்பது விளங்கும்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில், துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்திலிருந்து அரசாங்கத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1969-இல் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1978-இல் வண்ணம் வந்தது. அக்காலத்து ஒளிபரப்புத் தரைக் கோபுரங்களிலிருந்து வருவது. இடையில் மலை நின்றால் படம் நில்லாது. குன்றுகளுக்கிடையே அமைந்த தோட்டங்களில், நெடிய கம்பத்தின் உச்சியிலிருந்த ஏரியலை ஒருவர் திருப்ப, மற்றொருவர் வாசலில் நின்று "தெரிகிறது, தெரியவில்லை" என்று கூவுவதே ஒரு தனிக் காட்சி! வாரத்திற்கொரு தமிழ்ப் படத்திற்காகப் பெட்டியுள்ள வீட்டில் லயத்தார் கூடுவர்.

1996-ஆம் ஆண்டு இந்நிலையை மாற்றிற்று. அவ்வாண்டு ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து மீசாட் என்னும் நம் நாட்டின் முதல் துணைக்கோளம் ஏவப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆஸ்ட்ரோவும் தொடங்கிற்று. நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் அக்கோளம் நம் உச்சிவானுக்கு அணித்தாக இருப்பதாலேயே, நம்மூர்க் கூரைத் தட்டுகள் மழைநீரை ஏந்துவனபோல அண்ணாந்து கிடக்கின்றன. அதன் சிற்றலையைப் பெருமழை விழுங்கிவிடும். மாலை மழையில் நாடகம் உச்சத்தை எட்டும் வேளையில் படம் அறுந்துபோவதை வையாத வீடுண்டோ?

வேண்டாத அலைவரிசைகளையும் கட்டாகக் கட்டி விற்றமை மற்றொரு குறை. கணக்கெழுதும் தொழிலுடைய எனக்கு அது என்றும் உறுத்தலே. எனினும், அத்தட்டினிடம் ஒரு நேர்மை இருந்தது. வானிலிருந்து விழும் அலை, துரை பங்களா என்றும் லயம் என்றும் பார்த்து விழவில்லை. ஒரு வீடு பார்த்தாலும் பத்து இலட்சம் வீடுகள் பார்த்தாலும் அனுப்பப்படும் அலை ஒன்றே. சாலையிலிருந்து எத்தனை மைல் உள்ளே இருப்பினும், சந்தா செலுத்தியவன் வானவில்லும் சன் டிவியும் பட்டணத்தானைப் போலவே கண்டான்.

இணையத்தின் இயல்பு வேறு. அது பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு படியை அனுப்புகிறது. ஆதலின் ஒவ்வொரு வீட்டிற்கும் போதிய வழி வேண்டும். பட்டணத்தில் 2010-இல் யூனிஃபை கண்ணாடி இழைக் கம்பியைக் கொணர்ந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ் வந்தது. கம்பி வந்த வீட்டில் எவ்வளவு பார்த்தாலும் மாதக் கட்டணம் ஒன்றே. கம்பியில்லாத் தோட்டத்தானோ கைப்பேசியின் அளவிட்ட டேட்டாவை நம்ப வேண்டும். தெளிவான படம் மணிக்கு ஏறக்குறைய 3 கிகாபைட் தின்னும்; மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றிற்கு 9 கிகாபைட் போயிற்று. குடும்பத்தில் நால்வர் நான்கு படம் கேட்டால், சிக்கனம் எங்கே?

கம்பி ஏன் உள்ளே வரவில்லை? காரணம் பெரிதும் கணக்கே. செம்மண் சாலையில் பல மைல் கம்பம் நட்டு, முடிவில் நாற்பது வீடுகளே இருக்குமானால், எந்த நிறுவனம் முன்வரும்? நம்மவர் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறியபின் அந்நாற்பதும் குறைந்துள்ளது. மேலும் தோட்டம் தனியார் நிலம். கம்பம் நட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். நாடெங்கும் இணையத்தை விரிவாக்க 2020-இல் அரசாங்கம் ஜெண்டேலா என்னும் திட்டத்தைத் தொடங்கியபோதும், வேலிக்கு உட்புறம் இசைவு தர வேண்டியவர் நிலத்துக்குடையவரே.

இன்னொன்றும் உண்டு. இந்நாட்டுத் தமிழ் நாடகங்கள் பலவற்றிற்கு ஊதியம் அளித்தது அச்சந்தாப் பணமே. அயல்நாட்டு இணைய நிறுவனங்களுக்கு ஈப்போவின் கதையோ கிள்ளானின் கதையோ வேண்டுமென்பதில்லை.

ஆஸ்ட்ரோவும் 2021-இல் சூக்கா என்னும் இணையச் சேவையைத் தொடங்கிற்று. தட்டு விற்றவரே இணையத்திற்கு வந்துவிட்டமையால், தொழிற்சங்கங்கள் நிர்வாகத்தோடு சம்பளம் பேசும் மேசையிலேயே கம்பத்திற்கு வழிவிடும் இசைவையும் எழுத்தில் கேட்கலாம். மின்சாரத்தையும் குழாய்நீரையும் கேட்டதுபோலவே இதுவும் ஒரு கோரிக்கைதான்.