பளபளப்பும் மங்கலும்: ஒளிப்படத் தாளிலிருந்து கணினித் திரை வரை

மடிக்கணினி விற்கும் கடைகளில் இன்று திரைகளைப் பிரித்துச் சொல்லப் பயன்படும் கிளாசி, மேட் என்னும் இரு சொற்களும் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. படத்துக்கு எத்தனை பிரதி, என்ன அளவு என்று கேட்ட ஸ்டுடியோக்காரர்கள் தாள் கிளாசியா மேட்டா என்றும் நெடுங்காலம் கேட்டுவந்தார்கள். மேல் விழும் ஒளியைக் கண்ணாடிபோல ஒரே திசையில் திருப்பி அனுப்பும் வழவழப்பான பரப்பு கிளாசி எனவும், நுண்ணிய மேடுபள்ளங்களால் அதை நாலாபக்கமும் சிதறடிக்கும் பரப்பு மேட் எனவும் அறியப்பட்டன. வாடிக்கையாளரின் விருப்பத்தைக் கேட்பதாகத் தோன்றினாலும், அந்தப் படம் அடுத்து யார் கைக்குப் போகிறது, எந்த வெளிச்சத்தில் பார்க்கப்படப்போகிறது என்பதே பெரும்பாலும் விடையைத் தீர்மானித்தது.

தொடக்ககால ஒளிப்படங்களில் இந்தத் தேர்வு இருக்கவில்லை. உப்புக் கரைசலிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்தெடுத்த தாளில் உருவம் தாளின் நாருக்குள்ளேயே படிந்ததால் படம் மங்கலாகத்தான் அமைந்தது. 1850இல் பிரான்சின் பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய, முட்டை வெண்கரு பூசிய தாளில்தான் உருவம் நாரை விட்டு மேலெழுந்து பளபளப்பான படலத்தில் தங்கியது. அதே பத்தாண்டில் ஒளிப்படக்கலை தமிழகத்திலும் வேரூன்றியது. ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் சென்னையில் ஒளிப்படச் சங்கம் தோன்றிய 1856ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி உருவாக்கிய நீள்படம் 19 அடிக்கும் மேற்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் ஸ்டுடியோக்களில் நிலைபெற்ற பிரோமைடு தாளில், வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் படலம் பேரியம் சல்பேட் பூச்சின் மேல் அமைந்திருந்தது. ஆலையிலேயே மாவுப்பொருள் போன்ற நுண்துகள்களைச் சேர்த்து அந்தப் பரப்பின் வழவழப்பைக் குறைத்தால் மேட் தாள் கிடைத்தது. ஆனால் கிளாசி தாள் மட்டும் தானாகப் பளபளத்துவிடவில்லை. கழுவி எடுத்த ஈரப்படத்தைக் குரோமியம் பூசிய தகட்டில் முகம் கவிழ்த்து வைத்து, ரப்பர் உருளையால் அழுத்தித் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றி, தகட்டைச் சூடாக்கும் வேலைக்குக் கிளேசிங் என்று பெயர். காய்ந்த படம் படபடவென்ற ஓசையுடன் தகட்டிலிருந்து தானே விட்டுக்கொள்ளும். அதற்குமுன் அவசரப்பட்டு இழுத்தால் ஜெலட்டின் பிய்ந்துவிடும், உள்ளே ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலோ அந்த இடம் மட்டும் மங்கிப் புள்ளியாகத் தெரியும். அதே தாளைத் தகட்டில் ஒட்டாமல் காற்றில் உலர்த்தினால் அரைப் பளபளப்போடு நின்றுவிடும். ஆகவே கிளாசி தாளின் இறுதித் தோற்றம் உலர்த்தும் நேரத்தில்தான் முடிவானது.

நன்கு கிளேசிங் செய்த தாளின் கருமை, தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திருப்பித் தருகிறது. மேட் தாளின் கருமையோ இரண்டு மூன்று பங்கைச் சிதறவிட்டுச் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. அதனால் பத்திரிகைகளுக்காகப் படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து உலோகத்தில் பொறிக்கும் பிளாக் செய்வோருக்கு, கிளாசி பிரதியே வேண்டியிருந்தது. படத்தைக் கையால் திருத்தும் டச்சிங் வேலை செய்பவருக்கு நிலைமை நேர்மாறானது. பென்சிலும் நீர்வண்ணமும் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும் என்பதால், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்ட மேட் தாளே உகந்தது. பலர் கை மாறும் திருமண ஆல்பத்திலும் விரல் ரேகை தெரியாத மேட் பரப்புக்கு மதிப்பிருந்தது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்குக் கண்ணாடியே பளபளப்பைத் தந்துவிடுவதால் தாளின் பளபளப்பு வீண் என்பதோடு, கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கிளாசி படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்படி ஒட்டிய தாத்தாவின் முகத்தைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது கடினம்.

ஒளிப்படத் தாளையும் பிலிமையும் உள்நாட்டிலேயே செய்வதற்காக 1960இல் பதிவுசெய்யப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், வெப்பமும் தூசியும் குறைந்த உதகமண்டலத்தில் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் இந்து முத்திரைத் தாளும் பிலிமும் நாடெங்கும் சென்றன. எனினும் 1970களில் பரவத் தொடங்கிய பிளாஸ்டிக் பூச்சுத் தாள் தானாகவே பளபளத்து உலர்ந்ததால் கிளேசிங் தகட்டுக்கு வேலை குறைந்தது. பின்னர் வண்ண லேப்கள் பெருகியபோது கறுப்பு வெள்ளைத் தாளுக்கான சந்தையே சுருங்கி, 1990களில் அந்த நிறுவனம் நலிவடைந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

கணினித் திரையில் இந்தக் கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்தது. தாள் பிற ஒளியால் மட்டுமே தெரிவது, திரையோ தானே ஒளி உமிழ்வது. ஆகவே அறை விளக்கு திரைக்குப் பகையாகிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு நூற்றில் ஏறத்தாழ நான்கு பங்கு ஒளியைத் திருப்புவதால், படக்குழாய் மானிட்டரில் டியூப் லைட்டின் உருவம் எழுத்தின்மேல் கோடாக விழுந்தது; கண்ணை உறுத்தும் பிரதிபலிப்பு அலுவலகத் திரைகளில் இருக்கக் கூடாது என்று ஐரோப்பியச் சமூகம் 1990இல் விதித்தது. தொடக்ககால மடிக்கணினிகளின் திரவப் படிகத் திரைகள் மேற்படலம் சொரசொரப்பாக்கப்பட்ட மேட் வகையாகவே பெரும்பாலும் வந்தன. 2000களின் முதற்பாதியில், டிவிடி பார்க்கும் வீட்டு வாடிக்கையாளரைக் குறிவைத்து ஜப்பானிய நிறுவனங்கள் பளபளப்புத் திரைகளை முன்னிறுத்தின. ஆப்பிள் 2006இல் மேக்புக்கிலும் 2008இல் மேக்புக் ப்ரோவிலும் அதே வழியில் சென்றது; தொழில்முறைப் பயனாளர்கள் முறையிட்டதும் 2009இல் 50 டாலர் கூடுதல் விலைக்கு மேட் திரையை விருப்பத் தேர்வாகத் தந்தது. கடைவெளிச்சத்தில் ஆழ்ந்த கருமை விற்கிறது, சாளரத்தருகே எட்டு மணி நேரம் எழுதுபவருக்கு அந்தக் கருமையில் தம் சட்டையே தெரிகிறது.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. பழையதாகிக் கறைபடிந்த கண்ணாடி புதியதைவிட அதிக ஒளியைக் கடத்துவதை 1886இல் ராலே பிரபு கவனித்திருந்தார். 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, கண்ணாடிமேல் மெல்லிய படலம் பூசிப் பிரதிபலிப்பை ஒளி அலைகளின் குறுக்கீட்டாலேயே அழிக்கும் முறையை உருவாக்கினார். படத்தைச் சிதறடிக்காமல் எதிரொளியை மட்டும் குறைக்கும் இந்தப் பூச்சு இன்று பல பளபளப்புத் திரைகளில் உள்ளது. ஆப்பிள் 2019இல் தன் மானிட்டரிலும் 2024இல் மேக்புக் ப்ரோவிலும் தந்த நானோ டெக்ஸ்சர் திரையோ கண்ணாடியையே நுண்ணளவில் பொறித்து மேட் ஆக்கியது. விரல் ரேகைக்கு அஞ்சி ஆல்பக்காரர்கள் நாடிய அந்தச் சொரசொரப்பு இங்கே அழுக்கைப் பிடித்துக்கொள்வதால், உடன் வரும் தனித்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று நிறுவனமே அறிவுறுத்துகிறது.