பெங்குவின் நூல்களின் முகவெட்டு

நூறு நூல்கள் அடுக்கப்பட்டுள்ள கடையில், பத்தடித் தொலைவில் நிற்கும் ஒருவர், எழுத்தைப் படிப்பதற்கு முன்னரே ‘இஃது இன்ன பதிப்பகத்தின் நூல்’ என்று கண்டுகொள்வாராயின், அதற்குக் காரணம் நூலின் உள்ளடக்கமன்று, அதன் முகம். ஒரே நூலுக்கு அழகிய அட்டை அமைப்பது ஓவியனின் கைத்திறன். ஆயிரம் நூல்களுக்கும், அவற்றை எழுதியோர் வெவ்வேறாகவும் அச்சிட்டோர் வெவ்வேறாகவும் இருக்க, ஒரே குடும்பச் சாயலை உண்டாக்குவது வேறு கலை. அந்தக் கலை இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகத்தில் முப்பதாண்டுக் காலம் வளர்ந்த வரலாறு, வணிக வரலாறாக மட்டும் நின்றுவிடவில்லை. ஒழுங்கு என்பதன் எல்லை எது என்னும் வினாவும் அதனுள் புதைந்து கிடக்கிறது.

1930களில் இங்கிலாந்தில் ஒரு புதிய நாவலின் விலை பெரும்பாலும் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். உழைக்கும் மக்கள் நூலகத்தில் இரவல் பெறலாம். விலைகொடுத்து வாங்குவது அரிது. மலிவு நூல்கள் அன்று இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றின் அட்டைகளில் கத்தியும் குருதியும் அலறும் மங்கையருமே மிகுதி. நல்ல நூல் மலிவாக வரலாகாது, மலிவாக வருவது நல்ல நூலாக இராது என்னும் எண்ணம் புத்தக வணிகரிடையே வேரூன்றியிருந்தது. ‘பாட்லி ஹெட்’ பதிப்பகத்தில் பணியாற்றிய ஆலன் லேன் அந்த எண்ணத்தை மறுத்தார். பத்துச் சிகரெட்டுகளின் விலையான ஆறு பென்சுக்குத் தரமான நூலொன்றைத் தர இயலும் என்பது அவர் துணிபு. எக்ஸெட்டர் இரயில் நிலையத்தில் படிக்க நல்ல நூலின்றித் தவித்தபோது அந்த எண்ணம் உதித்தது என்பர். பதிப்பகங்களுக்கும் தலபுராணங்கள் உண்டு.

1935 ஜூலை 30ஆம் நாள் முதற் பத்து நூல்கள் வெளிவந்தன. அவற்றின் முகத்தை அமைத்தவர் எட்வர்டு யங் என்னும் 21 வயது இளைஞர். பறவையின் பெயரைத் தேர்ந்தபின், லேன் அவரை இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். அங்கே பெங்குவின்களைப் பார்த்து வரைந்து கொண்டு வந்த உருவமே பதிப்பகத்தின் சின்னமாயிற்று. அட்டையோ மிக எளியது. கிடைமட்டமாக மூன்று பட்டைகள். மேலும் கீழும் வண்ணம், நடுவே வெண்மை. வெண்பட்டையில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும். புனைகதைக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம். படம் இல்லை.

இது முற்றிலும் யங்கின் கற்பனையன்று. 1932இல் ஹாம்பர்க் நகரில் தோன்றிய ‘அல்பட்ராஸ்’ என்னும் பதிப்பகம், ஐரோப்பியக் கண்டத்தில் ஆங்கில நூல்களை மலிவாக விற்றது. அதன் பெயரும் கடற்பறவையின் பெயர். அதன் அட்டைகளும் பொருளுக்கேற்ப வண்ணம் பிரிக்கப்பட்டவை. அதன் நூலளவும் 181 மில்லிமீட்டர் உயரமும் 111 மில்லிமீட்டர் அகலமும் கொண்டதே. பெங்குவின் இம்மூன்றையும் எடுத்துக்கொண்டது. கடன் பெற்றதில் இழுக்கில்லை. அந்தப் பட்டைகளை எந்த நூலுக்காகவும் தளர்த்தாமல் கடைப்பிடித்த உறுதிதான் லேனுக்கு உரியது.

படமின்மை அன்று துணிச்சலான செயல். கடைக்காரர்கள் ஐயுற்றனர். வுல்வொர்த் கடைகள் 63,000க்கும் மேற்பட்ட படிகளுக்கு ஆணை வழங்கிய பிறகே முயற்சி நிலைபெற்றது. ஊசியும் நூலும் பொம்மையும் விற்கும் கடையில் இலக்கியம் விற்பனைக்கு வந்தது! படமற்ற அட்டை அங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் சொல்லிற்று: ‘உன்னை ஏமாற்றி வாங்கச் செய்ய வேண்டிய தேவை எமக்கில்லை’ என்பதே அது. 1937இல் அறிவு நூல்களுக்கென ‘பெலிக்கன்’ வரிசை வெளிர்நீல அட்டையில் தொடங்கிற்று. அதன் முதற் பதிப்பாசிரியர்களுள் ஒருவர், பிற்காலத்தில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சராக விளங்கிய வி. கே. கிருஷ்ண மேனன்.

புற அட்டையில் ஒழுங்கு இருந்ததேயன்றி உள்ளே அது இல்லை. பல ஊர் அச்சகங்களில் நூல்கள் அச்சேறின. ஒவ்வோர் அச்சுக்கோப்பாளரும் தம் பழக்கப்படியே இடைவெளி விட்டனர், மேற்கோள் குறியிட்டனர், பக்க எண்ணை விரும்பிய இடத்தில் வைத்தனர். போர்க்காலத் தாள் தட்டுப்பாடு நிலைமையை மேலும் சீர்குலைத்தது. போர் முடிந்தபின் லேன் அதற்குத் தீர்வு தேடினார். 1947இல் சுவிட்சர்லாந்திலிருந்து யான் சிகோல்டு வந்து சேர்ந்தார்.

சிகோல்டின் வரலாறு சற்று விரித்துரைக்கத் தக்கது. 1902இல் லைப்சிக் நகரில், பெயர்ப்பலகை எழுதும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1928இல் ‘புதிய அச்சுக்கலை’ என்னும் நூலை வெளியிட்டு இளமையிலேயே புகழடைந்தார். பழைய அலங்கார எழுத்துகளையும் நடுச்சமமாக அடுக்கும் முறையையும் அதில் கடுமையாகச் சாடினார்; தாம் வகுத்த நெறியே இக்காலத்துக்கு உகந்தது என்றார். 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையிலிட்டனர். சில வாரங்களுக்குப் பின் விடுதலை பெற்று, குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்.

அங்கே அவர் உள்ளம் மாறிற்று. நடுச்சம அடுக்கையும் பழைய எழுத்துருக்களையும் மீண்டும் கையாளத் தொடங்கினார். 1946இல் மாக்ஸ் பில் என்னும் சுவிஸ் கலைஞர், சிகோல்டு கொள்கையைக் கைவிட்டார் என்று குற்றஞ்சாட்டினார். அதற்குச் சிகோல்டு அளித்த மறுமொழி அச்சுக்கலை வரலாற்றில் நிலைத்துவிட்டது. தம் இளமைக்கால நெறியின் சகிப்பின்மையும், எதையும் முற்றாக வரையறுத்துவிடத் துடிக்கும் வேட்கையும், இராணுவப் பாங்கான ஒழுங்கும், ஹிட்லர் ஆட்சியைக் கொணர்ந்த அதே மனப்போக்கைச் சேர்ந்தவை என்று அவர் கூறினார். ஓர் எழுத்துருவுக்காக இத்துணைப் பெரிய குற்றச்சாட்டா என்று சிலருக்குத் தோன்றலாம். சிறைக்கதவின் ஓசையைக் கேட்டவனுக்கு அவ்வாறு தோன்றாது.

ஒழுங்கின் கொடுமையை அறிந்த அம்மனிதரே பெங்குவினுக்கு ஒழுங்கு வகுக்க வந்தார் என்பதுதான் வியப்பு. நான்கே பக்கத்தில் அச்சுக்கோப்பு விதிகளை எழுதி எல்லா அச்சகங்களுக்கும் அனுப்பினார். சொற்களுக்கிடையே மெல்லிய இடைவெளி விடுக; முற்றுப்புள்ளிக்குப்பின் அகன்ற வெற்றிடம் வேண்டா; பேரெழுத்துகளுக்கிடையேயான வெளியை அளவுகோலால் அன்று, கண்ணால் சமன்செய்க என்பன போன்றவை அவ்விதிகள். கடைசி விதியை அச்சுக்கோப்பாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. திருத்தப்படிகளில் திரும்பத் திரும்ப எழுதி அலுத்த சிகோல்டு, அவ்வாக்கியத்தை ஒரு ரப்பர் முத்திரையாகவே செய்வித்துப் பக்கந்தோறும் குத்தி அனுப்பினார். யங்கின் மூன்று பட்டைகளை அவர் அழிக்கவில்லை. எழுத்தின் பருமனையும் வெளியையும் நுணுக்கித் திருத்தினார். பறவையையும் சீர்செய்து வரைந்தார். ஏறத்தாழ 500 நூல்கள் அவர் கண்பார்வையில் வெளிவந்தன. 1949இல் பவுனின் மதிப்புக் குறைக்கப்பட்டதும், அவர் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினார். அவர் இடத்துக்கு வந்த ஹான்ஸ் ஷ்மோலரும் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதரே.

இனி வந்தது படங்களின் சிக்கல். போருக்குப் பின் ‘பான்’ முதலிய போட்டிப் பதிப்பகங்கள் வண்ணப்பட அட்டைகளால் வாசகரை ஈர்த்தன. எழுத்து மட்டுமே கொண்ட பெங்குவின் அட்டை பழங்காலத்ததாகத் தோன்றத் தொடங்கிற்று. 1957இல் சுவரொட்டி ஓவியர் ஏப்ரம் கேம்சின் மேற்பார்வையில் முழுவண்ணப் பட அட்டைகள் சில வெளியிடப்பட்டன. அட்டைகள் தனித்தனியே அழகாயிருந்தன. சேர்த்து வைத்தால் உறவினராகத் தோன்றவில்லை. மறு ஆண்டே லேன் அம்முயற்சியை நிறுத்திவிட்டார். படம் வேண்டும், ஆனால் குடும்பச் சாயலும் கெடலாகாது. எழுத்தை ஒழுங்குபடுத்துவது எளிது. படமோ ஒவ்வொன்றும் தன்போக்கில் கூவும் இயல்புடையது.

1961ஐ ஒட்டி அட்டைக்கலைப் பொறுப்பு ஜெர்மானோ ஃபச்செட்டி என்னும் இத்தாலியரிடம் வந்தது. இளைஞராயிருந்தபோது மௌதவுசன் வதைமுகாமில் அடைக்கப்பட்டு உயிர்தப்பியவர் அவர். துப்பறியும் வரிசைக்குப் புது முகம் வேண்டி மூவரிடம் மாதிரி கேட்டார். அவர் தேர்ந்தது ரோமெக் மார்பரின் அமைப்பை. மார்பர் 1925இல் போலந்தில் பிறந்த யூதர். 1942இல் போக்னியா நகரில், கட்டாய உழைப்புப் பட்டறையை நடத்திய கெர்ஹார்டு குர்ட்ஸ்பாக் என்னும் ஜெர்மானியச் சார்ஜண்ட் அவரையும் வேறு பலரையும் ஒளித்துவைத்து, கொலைமுகாமுக்கு அனுப்பப்படாமல் காத்தார். பின்னர் ஔஷ்விட்ஸ் உள்ளிட்ட முகாம்களையும் கடந்து, 1946இல் இங்கிலாந்தை அடைந்து கலை பயின்றார்.

மார்பர் செய்தது இது: அட்டையின் மேற்பகுதியில், மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சிய அளவை, எழுத்துக்கென ஒதுக்கினார். அதனை மெல்லிய கிடைக்கோடுகளால் பிரித்தார். முதல் வரியில் சின்னமும் வரிசைப் பெயரும் விலையும், அடுத்து நூற்பெயர், அடுத்து ஆசிரியர் பெயர். எல்லாம் இடப்புறம் ஒட்டியே தொடங்கும். எஞ்சிய கீழ்ப்பகுதி முழுவதும் படத்துக்கு. மேலே எதுவும் நகராது. கீழே எதுவும் நகரலாம். பழைய பச்சையை மட்டும் சற்றுப் பளிச்சென்று மாற்றினார்.

கீழ்ப்பகுதிக்கு அவர் விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள் எழுதப்படாதவை. ஆயினும் கண்ணுக்குப் புலனாகின்றன. கறுப்பு, வெள்ளை, பச்சை ஆகியவையே பெரும்பாலும் போதுமானவை. கதையின் ஒரு காட்சியை அப்படியே வரைந்துவிடுவதில்லை. கதையின் அச்சத்தை ஒரு சைகையால் உணர்த்துவார். நிழற்படத்தை வெட்டியும் ஒட்டியும், மங்கச் செய்தும், கிழித்தும் கையாண்டார். டாரதி சேயர்ஸ் எழுதிய நாவல்களுக்கெல்லாம் ஒரே வெள்ளை மனிதவுருவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அதனால் அந்நூல்கள் பெரிய குடும்பத்துக்குள் ஒரு சிறு குடும்பமாயின. மலிவு நூல்களின் அட்டைகளில் வழிந்த குருதியை இவ்வட்டைகளில் காண்பது அரிது. மெய்யான கொலைகளைக் கண்டு மீண்ட ஒருவர் கொலைக்கதைகளுக்கு அட்டை வரைந்தபோது காட்டிய அடக்கத்தைத் தற்செயல் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.

மார்பரின் சட்டகம் விரைவில் செம்மஞ்சள் நாவல்களுக்கும் நீலப் பெலிக்கன்களுக்கும் பரவிற்று. பல ஓவியர்கள் அதனுள் தத்தம் கைவண்ணத்தைக் காட்டினர். ஓவியங்கள் வேறுபட்டன, நூல்கள் வேறுபடவில்லை. ஃபச்செட்டி 1963இல் பழம்பெரும் இலக்கிய வரிசைக்குக் கருநிற அட்டை அமைத்து, கூடியவரை நூல் தோன்றிய காலத்து ஓவியத்தையோ சிற்பத்தையோ படமாக்கினார். கவனித்தால், இங்கும் வழி அதுவே. படங்களை ஒன்றுபோல ஆக்க அவர் முயலவில்லை. படத்தைத் தேரும் விதியை மட்டும் ஒன்றாக்கினார். கிரேக்கச் சிற்பமும் பிரெஞ்சு ஓவியமும் ஒரே வரிசையில் முரணின்றி நின்றதற்கு அதுவே காரணம்.

இந்த அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1965இல் பதிப்பாசிரியர் டோனி காட்வின், ஆலன் ஆல்டிரிட்ஜ் என்னும் இளம் ஓவியரிடம் புனைகதை அட்டைகளை ஒப்படைத்தார். அவர் சட்டகத்தைத் தூக்கி எறிந்தார். ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு முகம். சில அட்டைகள் அக்காலத்து இசைத்தட்டு உறைகளைப் போலக் கவர்ச்சியாயிருந்தன. அவற்றின் துள்ளலில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எழுத்தாளர் சிலர் தம் நூலின் அட்டையைக் கண்டு வெகுண்டனர். லேனும் மனம் நொந்தார். 1967இல் காட்வின் விலக்கப்பட்டார், ஆல்டிரிட்ஜும் வெளியேறினார். 1970 ஜூலையில் லேன் காலமானார். பின்வந்த கலை இயக்குநர் டேவிட் பெலம் ஒரே சட்டகத்துக்குத் திரும்பவில்லை. எழுத்தாளருக்கு ஒரு சாயல், வரிசைக்கு ஒரு சாயல் என்று குடும்பத்தைக் கிளைகளாகப் பிரித்து நடத்தினார்.

ஃபச்செட்டி 2006இலும் மார்பர் 2020இலும் மறைந்தனர். அவர்கள் அமைத்த பச்சை அட்டை நூல்களைப் பழம்புத்தகக் கடைகளில் இன்றும் தேடி வாங்குவோர் உளர். அவருள் பலர் கதைக்காக வாங்குவதில்லை. யங் வரைந்த மூன்று பட்டைகளோ இன்று தேநீர்க் குவளைகளிலும் துணிப்பைகளிலும் ஏறிவிட்டன. அக்குவளையொன்றின் விலைக்கு 1935இல் ஓர் அலமாரியையே பெங்குவின்களால் நிரப்பியிருக்கலாம்.