கட்டைகளுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டவர்கள்

செம்மரம் வெட்டியதாகப் பிடிபட்டவர்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். செம்மரக் கட்டைகள், பக்கத்தில் குத்தவைத்திருக்கும் கூலிகள், பின்னால் விறைப்பாக நிற்கும் போலீஸ். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகளை வெளியுலகம் பெரும்பாலும் இப்படித்தான் பார்த்திருக்கிறது. படத்தின் கீழே பெயரும் வயதும் இருக்கும். முன்பணம் கொடுத்து அழைத்துப்போன தரகர் இருக்க மாட்டார். மலையில் கிடைக்கும் கூலி என்ன என்பதும் இருக்காது.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழகத் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. மோதல் என்றது போலீஸ். உடல்களின் படங்கள் வெளியானதும் மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின: உடல்களில் தீக்காயம் ஏன்? அருகில் கிடப்பவை பழைய கட்டைகள் போலத் தெரிகின்றனவே? ஆறு பேரின் குடும்பங்கள் உடல்களை அடக்கம் செய்ய மறுத்துப் போராடியபின், நீதிமன்ற உத்தரவால் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. இங்கே படம் சாட்சியானது, உயிர் போன பிறகு.

உயிரோடு இருப்பவர்களுக்கும் படம் சாட்சியாகலாம். அமெரிக்காவின் லூயிஸ் ஹைன் சமூகவியல் படித்த ஆசிரியர். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் படமெடுத்தார். முதலாளிகள் உள்ளே விடாத இடங்களில் பைபிள் விற்பவராக வேடமிட்டு நுழைந்தார். தன் கோட்டுப் பொத்தான்களை வைத்தே குழந்தைகளின் உயரத்தைக் கணித்தார். ஒவ்வொரு படத்தோடும் வயது, வேலை, இடம் எனக் குறித்துவைத்தார். 1916இல் சட்டம் வந்தது. 1918இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1938இல்தான் நிலைக்கும் சட்டம் கிடைத்தது. படம் மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்துவிடவில்லை, தொழிலாளர் இயக்கமும் சேர்ந்துதான் கொண்டுவந்தது. ஆனால் 'அப்படியொன்றும் இல்லையே' என்று முதலாளிகள் சொல்ல முடியாதபடி படங்கள் செய்தன.

நம்மிடமும் முன்னோடிகள் உண்டு. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார், மலக்குழி மரணங்களுக்குப் பின் நிற்கும் குடும்பங்களைத் தொடர்ந்து பதிவு செய்கிறார். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றும் தருகிறார்.

தோழர்களே, ஜமுனாமரத்தூருக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் முதலில் அனுமதி கேளுங்கள். சாமை வயலையும் அருவியையும் மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். என்ன வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு கடன், ஏன் மலையிறங்குகிறார்கள் என்று கேட்டு, படத்தின் கீழே எழுதுங்கள். மலைப் பிள்ளைகளே எடுக்கட்டும் என்றால் அது இன்னும் நல்லது.